பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5: அடியில் கேட்கும் சத்தத்தின் காரணத்தைப் பிடிப்பது எப்படி

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் வெளிவந்த, இரண்டு இருக்கையும் திறக்கும் கூரையும் கொண்ட எம்எக்ஸ்-5 காரின் முதல் வரிசை 1997 வரை விற்பனையில் இருந்தது. ஜப்பானில் அதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர், அமெரிக்காவில் மியாட்டா. அந்த வரிசையின் கடைசி வண்டிக்கே இன்று கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. எண்ணெயும் பெல்ட்டும் நேரத்துக்கு மாற்றினால் எஞ்சின் சலிக்காமல் ஓடும். அடியில் இருக்கும் ரப்பர் அப்படியில்லை. வண்டி ஓடினாலும் நின்றாலும் அதற்கு வயது ஏறும். ஆகவே ஒருநாள் டொக், கீச், கடகட என்று ஏதோ ஒன்று கேட்கத் தொடங்கும்.

அப்படிக் கேட்டதும் பலர் செய்வது, காது காட்டும் திசையில் இருக்கும் பாகத்தை வாங்கி மாட்டுவது. சத்தம் இரும்பு வழியாக ஓடும். முன் இடது சக்கரத்தில் பிறந்தது ஸ்டீயரிங் கம்பத்தில் கேட்கும். டிக்கியில் பிறந்தது பின் ஷாக்கில் (அதிர்வைத் தணிக்கும் குழாய்) கேட்பதுபோல் இருக்கும். எங்கே கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்பதே துப்பு. பிரேக்கிலா, திருப்பத்திலா, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதா, ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதா? எந்தச் சுமை விழும்போது சத்தம் வருகிறதோ, அந்தச் சுமையைத் தாங்கும் மூட்டில்தான் தேட வேண்டும். கடைசியில் உறுதி செய்வது காதல்ல, விரல் நுனி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுவாகக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி, முன்சக்கரம் இழுக்கும் சாதாரணக் கார்களுக்கு எழுதப்பட்டவை. "திரும்பும்போது டிக் டிக் என்றால் முன் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு போய்விட்டது" என்பார்கள். எம்எக்ஸ்-5-இல் முன்னால் டிரைவ் ஷாஃப்ட்டே கிடையாது, இழுப்பது பின்சக்கரம். "நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டொய்ங் என்கிறதா? ஸ்ட்ரட் மேல் பேரிங்கை மாற்று" என்பார்கள். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு, அதாவது மேலொன்று கீழொன்றாகச் சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு ஆர்ம்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் சுழலாது. எனவே அந்த பேரிங்கும் இங்கே இல்லை. இல்லாத பாகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். 1998-இல் வந்த இரண்டாம் வரிசையும் இதே அடிப்படை அமைப்புதான். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள்

வண்டியைத் தூக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. முதல் வரிசை எம்எக்ஸ்-5-இல் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. ஸ்டெப்னியும் ஜாக்கியும் அங்கேதான். பேட்டரியைப் பிடிக்கும் கம்பி தளர்ந்திருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அது தொப் என்று தாவி உட்காரும். உள்ளிருந்து கேட்டால் பின் ஷாக் செத்துவிட்டது என்று சத்தியம் செய்யத் தோன்றும். பேட்டரியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். துளிகூட நகரக் கூடாது. ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் பை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு அதே சாலையில் ஒரு சுற்று ஓட்டுங்கள்.

முன்பக்கத்தில் இதேபோல ஏமாற்றுவது, மேலெழும்பும் ஹெட்லைட்டுகள். அவற்றின் ரப்பர் தாங்கிகள் தேய்ந்தால் கரடுமுரடான சாலையில் லொட லொட என்று அடிக்கும். விளக்கை ஒருமுறை எழுப்பியும் ஒருமுறை இறக்கியும் அதே சாலையில் ஓட்டினால் தெரிந்துவிடும். பானெட்டின் ரப்பர் முட்டுகள், கதவுக்குள் தளர்ந்த கண்ணாடி, கூரையின் மடக்குக் கம்பிகள், சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள், அதன் மேலுள்ள வெப்பத் தகடு ஆகியவற்றையும் கையால் தட்டிப் பாருங்கள். கூரை திறந்த வண்டி என்பதால் உடல் இயல்பாகவே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் எல்லாமே கொஞ்சம் பேசும்.

வீல் நட்டுகளையும் இப்போதே டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள். அளவு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். தளர்ந்த நட்டு எந்தச் சத்தத்தையும் போலியாகக் காட்டும். ஆபத்தும் அதில்தான் அதிகம்.

மெதுவாகப் போகையில், சிறு மேடுபள்ளத்தில் முன்னால் டொக் டொக்

அதிகம் பேர் கேட்கும் புகார் இதுதான். காரணங்களும் இங்கேதான் அதிகம். எனவே பொறுமையாகப் பிரிக்க வேண்டும்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராகப் போங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி ஓரமாகப் போங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் ஆன்டி-ரோல் பாருக்கு (வண்டி சாயாமலிருக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முறுக்கம் இருக்காது. ஒன்று மட்டும் ஏறினால் முழு முறுக்கமும் அதன் மேல் விழும். ஒற்றைச் சக்கரத்தில் மட்டும் டொக் கேட்டால், பாரின் இரு முனையிலும் இருக்கும் லிங்க் ராடுகளும் பாரைப் பிடிக்கும் ரப்பர் புஷ்களுமே (மூட்டில் பொதிந்திருக்கும் ரப்பர் வளையங்கள்) முதல் சந்தேகம். உறுதி செய்ய, இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, பாரை எதிலும் இடிக்காமல் கட்டிவைத்து, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் விடை கிடைத்தது. திருப்பத்தில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும். சோதனை முடியும்வரை வேகம் வேண்டாம். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுவது பயன்படாது, பாரில் தொங்கும் மறுமுனை அடித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு வகையிலும் டொக் கேட்டால் அடுத்தது ஷாக்கின் மேல்முனை. பானெட்டைத் திறந்தால் ஷாக்கின் தலை தெரியும். ஒருவர் முன் மூலையை அழுத்தி அழுத்தி விட, நீங்கள் விரலை அந்த நட்டின்மேல் வையுங்கள். தளர்ந்திருந்தால் தட்டும் உணர்வு நேராக விரலில் ஏறும். சத்தம், அண்மையில் வேறு கம்பெனி ஷாக்கோ தாழ்த்தும் ஸ்பிரிங்கோ மாட்டிய பிறகு தொடங்கியதா? அப்படியானால் வேறெங்கும் தேட வேண்டாம். மேல் தாங்கியில் வாஷர், ரப்பர், ஸ்பேசர் அடுக்கப்படும் வரிசையில் ஒன்று விடுபட்டிருக்கும் அல்லது தலைகீழாக இருக்கும். நட்டு கை வைத்தால் இறுக்கமாகத்தான் இருக்கும்; உள்ளே ரப்பர் நசுங்கியிருக்காது, அதனால் தண்டு மேலும் கீழும் அடிக்கும். இந்த ஒரு தவறுக்காக நல்ல பால் ஜாயின்ட்டுகளை (சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டுகள்) கழற்றிப் போட்ட வண்டிகள் பல.

பெரிய பள்ளத்தில் மட்டும் தொம் என்று கனமாக ஒரே ஒரு அடி விழுகிறதா? ஷாக்கின் தண்டில் இருக்கும் தடுப்பு ரப்பர் பொடிந்து உதிர்ந்திருக்கும். அல்லது வண்டி அளவுக்கு மீறித் தாழ்த்தப்பட்டு அந்த ரப்பரின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தாழ்த்திய வண்டிக்கு அடிக்கடி நேர்வது இது. அழகுக்காக உயரத்தைக் குறைத்தவர்கள் சத்தம் என்று வரும்போது அதை நினைவில் வைப்பதில்லை.

மூன்றாவது பிரேக். அதே கரடு சாலையில், பின்னால் வண்டி எதுவும் வராதபோது, பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டே போங்கள். கடகட நின்றுவிட்டால் சத்தம் போடுவது காலிப்பரோ (பேடை அழுத்தும் கவ்வி) பேடோதான். பேடு மாற்றும்போது பழைய ஸ்பிரிங் கிளிப்புகளைத் தூக்கி எறிந்திருப்பார்கள். அல்லது காலிப்பரின் சறுக்குப் பின்கள் தேய்ந்திருக்கும். ரிவர்ஸில் வந்து பிறகு முன்னால் போகும்போது முதல் பிரேக்கில் ஒரே ஒரு டக் வருவதும் பேடு இடம் மாறுவதால்தான். கிளிப்புகள் சரியாக இருந்து அந்த ஒரு டக் மட்டும் கேட்டால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஸ்டீயரிங்கிலேயே அதிர்வு தட்டினால்

சத்தம் காதில் மட்டுமல்லாமல் கையிலும் உணரப்பட்டால், சந்தேகம் ஸ்டீயரிங் ரேக்கையும் (திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல் தண்டு) அதோடு இணைந்த டை ராட் தண்டுகளையும் நோக்கித் திரும்பும்.

வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஓர் அங்குலம் மட்டும், விறுவிறுவென்று ஆட்டட்டும். நீங்கள் குனிந்து மூட்டுகளை வரிசையாகத் தொடுங்கள். முதலில் வெளி டை ராட் முனை. மூட்டின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் விரலால் பற்றினால், ஒரு பக்கம் நகர்ந்த பிறகு மறு பக்கம் தாமதமாக நகர்வதை உணரலாம். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும். பிறகு உள் டை ராட். அது ரேக்கின் முனையில் மடிப்பு ரப்பர் உறைக்குள் இருக்கும், உறையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அடுத்து ரேக் முழுவதுமே முன் துணைச்சட்டத்தில் பக்கவாட்டில் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் அதைப் பிடிக்கும் ரப்பர்கள் போய்விட்டன. கடைசியாக ஸ்டீயரிங் தண்டின் குறுக்கு மூட்டும் அதைக் கவ்வும் போல்ட்டும். முன்பு யாராவது ரேக்கைக் கழற்றி மாட்டியிருந்தால் அந்த போல்ட் முழுதாக இறுக்கப்படாமல் இருக்க வாய்ப்புண்டு. ஸ்டீயரிங் தொடர்பே அற்றுப்போகக்கூடிய இடம் அது. தளர்ந்திருந்தால் அங்கேயே நிறுத்தி, சரிசெய்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

எல்லா மூட்டும் கெட்டியாக இருந்தும் கல் பாவிய சாலையில் ஸ்டீயரிங் வழியாக டக டக என்று சன்னமாகத் தட்டுகிறதா? அப்போது ரேக்கின் உள்ளேயே, பல் தண்டைப் பினியன் என்ற சிறு பற்சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் தாங்கியில் இடைவெளி விழுந்திருக்கும். அதைக் குறைக்க ஒரு சரிசெய்யும் பிளக் உண்டு. இங்கே கை கூசட்டும். நேராகப் போகும் நிலையில்தான் பல் அதிகம் தேய்ந்திருக்கும். அந்த இடத்தில் இறுக்கினால் ஓரத்தில் திரும்பும்போது ரேக் பிடித்துக்கொள்ளும். மிகக் கொஞ்சமாகத் திருப்பி, இரு கோடி வரை ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பார்த்து, திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்று உறுதி செய்யுங்கள். திரும்பவில்லை என்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். சத்தத்தைவிட அது மோசம்.

நின்ற இடத்தில் திருப்பினால் கிறீச், முனகல்

எஞ்சின் ஓடும்போது, ஸ்டீயரிங் கோடிக்குப் போகையில் கீச்சென்று அலறினால் அது பெல்ட். இந்த வண்டியில் பவர் ஸ்டீயரிங் பம்பையும் ஏசி கம்ப்ரசரையும் ஒரே பெல்ட் ஓட்டுகிறது. எனவே ஏசி போடும்போதும் அதே அலறல் வந்தால் வேறு சோதனையே வேண்டாம். ம்ம்ம் என்று ஆழமாக முனகினால் எண்ணெய் குறைவு, அல்லது எண்ணெயில் காற்று. அதற்கு ஊற்ற வேண்டியது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் வகை எண்ணெய். ஊற்றுவதோடு நிறுத்தாமல், போன எண்ணெய் எங்கே போனது என்றும் பாருங்கள். ரேக்கின் ரப்பர் உறையை அழுத்தும்போது உள்ளே ஈரம் குழைந்தால் ரேக்கின் சீல் கசிகிறது.

எஞ்சினை அணைத்த பிறகும் கிறீச் கேட்டால் அது உலர்ந்த மூட்டு. உள்ளே ஒருவர் திருப்ப, நீங்கள் மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளின் மேல் மாறி மாறிக் கை வையுங்கள். உலர்ந்த மூட்டு கரகரவென்று கையில் அரைக்கும். ரப்பர் உறை கிழிந்து உள்ளே தண்ணீர் போனதுதான் பெரும்பாலும் காரணம். சிலர் ஊசி வைத்து உள்ளே கிரீஸ் ஏற்றுவார்கள். சில வாரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நான் நம்புவதில்லை, ஏனென்றால் அரிப்பு உள்ளே தொடர்கிறது. கீழ் பால் ஜாயின்ட்டைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியும்; மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு அசைவுக்கும் கீச்... கீச்...

மேடு ஏறி இறங்கும்போதும், நீங்கள் வண்டியில் ஏறி உட்காரும்போதும், பழைய மரக்கட்டில்போல முனகுகிறதா? புஷ்கள். ஒரு தெளிப்பானில் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஒருவர் வண்டியை அழுத்த, ஒவ்வொரு புஷ்ஷாக நனையுங்கள். எதை நனைத்ததும் கீச் நிற்கிறதோ அதுதான். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நனைத்தால் சோதனை வீண். பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ அடிக்காதீர்கள். ரப்பர் ஊதி மென்மையாகிக் கெடும். பாலியூரிதேன் புஷ் போட்ட வண்டியானால், மாட்டும்போது சிலிக்கான் கிரீஸ் போதாமல் போயிருக்கும். கழற்றித் தடவி மாட்டுவதுதான் வழி.

பின்னால் டக்: ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது

சாலை வழவழப்பாக இருந்தும், கிளட்ச்சை விடும்போதும் முன்னால் போவதிலிருந்து ரிவர்ஸுக்கு மாறும்போதும் பின்பக்கம் டிக் என்று ஒரு கூர்மையான சத்தம் வந்தால், பின் ஆக்சில் நட்டைப் பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் பற்கள் ஹப்புக்குள் நுண்ணியதாக நகர்வதால் வரும் சத்தம் இது; இந்த வண்டிகளில் நன்கு அறியப்பட்டது. நட்டைக் கழற்றி, பற்களைச் சுத்தம் செய்து, மெல்லிய கிரீஸ் தடவி, புது நட்டை 216 முதல் 294 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கி, அதன் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்க வேண்டும். இவ்வளவு விசையில் இறுக்கும்போது வண்டி ஜாக் ஸ்டாண்டில் நிற்கக் கூடாது. சக்கரம் தரையில் இருக்க, பிரேக் பிடித்தபடி செய்யுங்கள்.

டிக் அல்ல, டொம் என்ற மந்தமான அடி என்றால் டிஃபரன்ஷியலை (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) தாங்கும் புஷ்களும், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தின் போல்ட்டுகளும். கிளட்ச் மாற்றிய பிறகு தொடங்கியிருந்தால் அந்தச் சட்டம்தான் முதல் சந்தேகம், ஏனென்றால் கியர்பாக்ஸை இறக்க அதைக் கழற்றியே ஆக வேண்டும்.

பின்னால் பால் ஜாயின்ட் கிடையாது, எல்லாம் புஷ்தான். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் ஓடிய வண்டியானால், பின் கீழ் ஆர்மின் வெளிமுனையில் போகும் நீண்ட போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். ஒரு மணி நேர வேலை என்று தொடங்காதீர்கள். சில நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் அடித்து, மாற்று போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அறுக்க வேண்டி வரலாம்.

வேகத்தோடு ஏறும் உறுமல்

ஊங்ங் என்ற சத்தம் வேகத்தோடு ஏறி, நியூட்ரலில் விட்டாலும் தொடர்ந்தால் வீல் பேரிங் அல்லது டயர். சாலைப் பரப்பு மாறும்போது சத்தத்தின் குரலும் மாறினால் டயர். நீண்ட திருப்பத்தில் இடப்பக்கம் திரும்பும்போது கூடி, வலப்பக்கம் திரும்பும்போது குறைந்தால், எடை சாயும் வலப்பக்க பேரிங். இந்த விதி பெரும்பாலும் சரியாக வரும், எப்போதும் அல்ல. எனவே தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி, மறு கையை ஸ்பிரிங்கின் மேல் வைத்துப் பாருங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் சுருளில் தெளிவாகத் தெரியும். முன் பேரிங் ஹப்போடு சேர்ந்த ஒரே தொகுதி, கழற்றி மாட்டலாம். பின் பேரிங் பிரஸ் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டியது, பட்டறை வேலை.

தூக்கிப் பார்க்கும்போது

முன்னால் துணைச்சட்டத்தின் நடுவிலும், பின்னால் டிஃபரன்ஷியலின் அடியிலும் ஜாக்கியை வைத்துத் தூக்கலாம். தூக்கியதும் ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியைத் தள்ளிப் பார்த்து அசையவில்லை என்று தெரிந்த பிறகே கீழே கை நீட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கா பால் ஜாயின்ட்டா என்று குழம்ப வேண்டாம்: ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட். அடுத்து டயரின் அடியில் ஒரு நெம்பு கம்பியைக் கொடுத்து மெல்ல உயர்த்தி, பால் ஜாயின்ட் தன் கிண்ணத்துக்குள் மேலும் கீழும் போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பால் ஜாயின்ட்டிலோ டை ராட்டிலோ கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் வண்டியை அங்கேயே விடுங்கள். லிங்க் ராடு, புஷ், பேடு ஆகியவற்றின் சத்தத்தோடு சம்பள நாள் வரை ஓட்டலாம். இந்த இரண்டோடு முடியாது.

மாற்றிய பிறகு

புது ரப்பர் புஷ் போட்டவர்கள் பலர் ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று, சில மாதத்தில் கிழிந்து, பழைய சத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும். போல்ட்டுகளை விரலிறுக்கமாக மட்டும் மாட்டி, சக்கரங்களை மாட்டி, வண்டியை அதன் முழு எடையோடு தரையில் நிறுத்தி, இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு, பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். கீழ் ஆர்மின் உள்முனை போல்ட்டுகளில் சில, சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் மையம் விலகிய போல்ட்டுகள். கழற்றுமுன் அவற்றின் நிலையைப் பெயின்ட்டால் கோடிட்டு வையுங்கள். எவ்வளவு கவனமாகத் திரும்ப வைத்தாலும் கோணம் கொஞ்சம் விலகியிருக்கும். வீல் அலைன்மென்ட்டுக்கு அதே வாரம் நேரம் வாங்கிவிடுங்கள். வண்டியை ரேம்பில் ஏற்றுமுன், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடையளவு மூட்டை வைக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஒரு டன்னே எடையுள்ள முதல் வரிசை வண்டிக்கு அந்த ஓர் ஆளின் எடை கோணத்தை மாற்றும்.